கலப்பு பின்னப் பெருக்கலுக்கு வாங்கிய பின்ன அட்டை செட்

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக வாங்கினேன். 2½ × 1⅓ கொடுத்தால், முழு எண்களைத் தனியாக, பின்னங்களைத் தனியாகப் பெருக்கி 2⅙ என்று எழுதிவிடுவாள். நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த அட்டைகளை நீளம் 2½, அகலம் 1⅓ என்று செவ்வகமாக அடுக்கினால் விடுபட்டது கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு முழுச் சதுரம், ஓரத்தில் ⅓ பட்டைகள் இரண்டு, பக்கத்தில் ஒரு ½, மூலையில் குட்டியாக ஒரு ⅙. அந்தப் பட்டைகளைத்தான் அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை! பட்டைகளையும் ⅙ துண்டுகளாக மாற்றினால் மொத்தம் எட்டு. ஆறு சேர்ந்து ஒரு முழுச் சதுரம், மீதி இரண்டு, அதாவது ⅓. விடை 3⅓. அப்புறம் தகா பின்னமாக்கி 5/2 × 4/3 போட்டுப் பார்த்தாள், அதே விடை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

குறையும் உண்டு. ⅙ துண்டுகள் ஆறுதான் தருகிறார்கள்; மீதியை நாங்களே காலண்டர் அட்டையில் வெட்டிக்கொண்டோம். தமிழில் குறிப்பு எதுவும் இல்லை. முதல் தடவை பெரியவர் யாராவது கூட உட்கார வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் முன் இதை வாங்கிக் கொடுங்கள்.