வயர்கார்டு டனல்: நாலு வருஷம் ஓட்டிய பிறகு

நெல்லிக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "அண்ணே, உங்க ரெண்டு ஆபீஸையும் இணைச்சு வச்சிருக்கீங்களே, அதையே நம்ம கடைக்கும் போட்டுடலாமா?" அவர் கேட்டது வயர்கார்டு டனலை, அதாவது இரண்டு இடங்களை இணையத்தின் வழியே பூட்டிய தனி வழியாக இணைக்கும் மென்பொருளை. போடலாம் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கணக்கு ஆபீஸ், புதுச்சேரி முதலியார்பேட்டையில் கிளை. இரண்டு இடத்திலும் பழைய மினி பிசியில் லினக்ஸ். புதுச்சேரியில் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி). கடலூரில் ஃபைபர், கூடவே அவசரத்துக்கு ஒரு 4ஜி டாங்கிள். வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த 5.6 கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) உள்ளே சேர்ந்துவிட்டதால் தனியாக எதையும் நிறுவவில்லை. நாலு வருஷத்தில் அது தானாக விழுந்ததே கிடையாது. கடலூரில் ஐபி எத்தனை முறை மாறினாலும், சரியான சாவியோடு ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) வந்தால் போதும், புதுச்சேரிப் பெட்டி புது முகவரியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடும். அங்கே இருக்கும் டேலி கணக்கு மென்பொருள் இங்கே பக்கத்து மேஜையில் இருப்பது போலத் திறக்கும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) தகராறு ஒரு தடவை வந்தது. பிபிபிஓஇ முறையில் இணையும் எங்கள் ஃபைபரில் 1492 பைட்தான் போகும். ஐபிவி6 வழியே டனலுக்கே 80 பைட் செலவாகிறது. டனலில் இருந்த 1420-ஐ 1412 ஆக்கினேன், தீர்ந்தது.

எரிச்சல் வேறு இடத்தில். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அதற்கு அடுத்த வாரம். ஃபைபர் பெட்டியில் விளக்கு எரிகிறது, ஆனால் அதற்கு அப்பால் ஒன்றும் போகவில்லை. விளக்கு எரிவதால் கர்னல் டீஃபால்ட் வழியை (வழக்கமாக வெளியே போகும் பாதையை) ஃபைபரிலிருந்து மாற்றவே இல்லை. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு) கெடு. டனலின் பாக்கெட்டுகளுக்கு மட்டும் குறியிட்டு, டாங்கிள் வழியே அனுப்ப ஒரு ரூல் எழுதினேன்.

போகிறது. 5 விநாடிக்கு ஒருமுறை டனல் மறுமுனையின் கதவைத் தட்டுகிறது. அனுப்பியது ஏறிக்கொண்டே போகிறது, பெற்றது 0. டிசிபிடம்ப் (வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் டாங்கிளில் பதில் வந்து நிற்கிறது! கண்ணெதிரே வந்த பதில் வயர்கார்டுக்குப் போய்ச் சேரவில்லை. எர்ரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. சாவியைச் சந்தேகித்தேன், ஃபயர்வாலைக் கழற்றினேன், புதுச்சேரிக் கிளைப் பையனைத் தூக்கத்தில் எழுப்பினேன்.

காரணம் ஆர்பி ஃபில்டர் என்ற கர்னல் சோதனை. வந்த பாக்கெட்டின் அனுப்புநர் முகவரிக்கு நாம் திருப்பி அனுப்புவதானால் எந்த வழியாகப் போவோம் என்று கர்னல் பார்க்கிறது. பதிலில் என் குறி கிடையாது. அதனால் கர்னல் மெயின் டேபிளை (வழக்கமான வழிப் பட்டியலை) பார்த்து, "இது ஃபைபரில் அல்லவா வந்திருக்க வேண்டும்" என்று சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுகிறது. டிசிபிடம்ப் அந்தச் சோதனைக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடுவதால்தான் அவ்வளவு குழப்பம்.

சரி என்று டாங்கிளுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று 0 போட்டேன். அப்போதும் வரவில்லை. இதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. "ஆல்" என்ற பொது அமைப்பில் 1 (கறாரான சோதனை) இருந்தது. இரண்டில் எது பெரிய எண்ணோ அதையே கர்னல் எடுத்துக்கொள்ளும். நான் போட்ட 0 வெறும் அலங்காரம். 2 போட்டால்தான், ஏதோ ஒரு வழியில் போய்ச்சேர முடிகிற முகவரி என்றால் உள்ளே விடு என்று பொருள். 2 போட்ட நொடியில் டனல் எழுந்தது. அப்போது இரவு இரண்டரை மணி.

போலி முகவரிகளைத் தடுக்க அந்தச் சோதனை வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. தூக்கிப் போடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மார்ஷியன் லாகை (இப்படித் தூக்கிப் போடும் பாக்கெட்டுகளைக் குறித்துவைக்கும் வசதியை) முன்பே ஆன் செய்து வைத்திருந்தால் சொல்லியிருக்கும். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அந்த இரவுதான் தெரிந்தது.

தம்பிக்கு என் பதில்: நீங்களாகப் போடாதீர்கள். வழி ஒன்றே ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்; உங்கள் கடையிலோ ஃபைபரும் 4ஜியும் இரண்டும் இருக்கின்றன. விற்பவரே பொறுப்பேற்கும் ரெடிமேட் பெட்டி வாங்குங்கள், விலை கூட ஆனாலும் பரவாயில்லை. என் ஆபீஸில் மட்டும் வயர்கார்டுதான் ஓடும். ரெடிமேட் பெட்டி வேண்டாம் என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து, முதலில் மார்ஷியன் லாகை ஆன் செய்துவிட்டு, அப்புறம் போட்டுத் தருகிறேன்.