கேத்திப் பள்ளத்தாக்கில் சைன் விதி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

"லேசர் தூரமானி விலை இறங்கிப்போச்சு. இன்னும் எதுக்குண்ணே தியோடலைட்டைத் தூக்கிட்டுப் போய் சைன் விதி போட்டுட்டு இருக்கீங்க?" என்று கோத்தகிரி நண்பர் கேட்டார். தியோடலைட் என்பது கோணம் அளக்கும் கருவி. சைன் விதி என்பது, முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண்தான் வரும் என்பது. நியாயமான கேள்விதான். பதில் நீளம், நடுவில் கோபமும் வரும்.

விலை குறைந்த கையடக்க லேசர்கள் பெரும்பாலும் 40, 60 மீட்டருக்குத்தான். வெயில் ஏறிவிட்டால் சிவப்புப் புள்ளி எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. தேயிலைச் செடிகளுக்கு மேலாகப் பிடித்தால் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொழுந்தில் பட்டுத் திரும்பி, அந்தத் தூரத்தைக் காட்டிவிடும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் சில்வர் ஓக் மரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. சைன் விதியிடம் இருக்கிறது. ஒரு பக்கமும் இரண்டு கோணமும் கிடைத்துவிட்டால், ஓடையில் இறங்காமலே மீதி எல்லாம் வந்துவிடும். இத்தனை நாளுக்குப் பிறகும் இந்த ஒரு விஷயத்தில் அலுப்பே தட்டவில்லை.

ஒரு கணக்கு. இந்தப் பக்கம் ரோட்டோரமாக அ, ஆ என்று இரண்டு முளை. நடுவே 60 மீட்டர். எதிர்ச்சரிவு மரம் இ. அ முளையில் கோணம் 78° 20', ஆ முளையில் 84° 10'. மரத்தடியில் மிச்சம் 17° 30'. 60-ஐ சைன் 84° 10' ஆல் பெருக்கி, சைன் 17° 30' ஆல் வகுத்தால் அ முளையிலிருந்து மரம் 198.50 மீட்டர். ஆ முளையிலிருந்து 195.41. கால்குலேட்டரில் அரை நிமிட வேலை.

சமவெளியில் இதோடு முடிந்தது. மலையில் இங்கேதான் முதல் ஓட்டை. தியோடலைட்டின் கிடைத்தட்டு காட்டுவது கிடைமட்டக் கோணம்; டேப் படுத்திருப்பதோ சரிவில். ரோடு 12° சாய்ந்திருந்தால் டேப்பில் 60 மீட்டர் என்பது கிடையாக 58.69 மட்டுமே. அதைத் திருத்தாமல் போட்டால் மரம் 4 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்கும். ஆகவே டேப் நீளத்தை எப்போதும் சரிவுக் கோணத்தின் கொசைனால் பெருக்கிவிட்டுத்தான் அடுத்த வரி எழுத வேண்டும்.

அடுத்தது கால்குலேட்டர். 17° 30' என்பதை 17.30 என்று தட்டிவிடுவார்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி என்பதால் அது 17.5. விடை 198.50க்குப் பதில் 200.7 ஆகிவிடும். வித்தியாசம் பார்த்தவுடன் தெரியாத அளவு என்பதால்தான் ஆபத்து. ரேடியன் மோடில் கிடந்தால் பரவாயில்லை, விடையே கன்னாபின்னாவென்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். செங்கோணத்தை 90-க்குப் பதில் 100 ஆகப் பிரிக்கும் கிரேடு மோடு அப்படியில்லை. வேலை தொடங்குமுன் சைன் 30 அழுத்துங்கள், 0.5 வந்தால் தொடருங்கள், 0.454 வந்தால் அது கிரேடு.

அடிக்கோட்டின், அதாவது டேப்பால் அளக்கும் அந்த முதல் பக்கத்தின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. 20 செகண்ட் வரை (60 செகண்ட் ஒரு நிமிடம்) படிக்கும் வெர்னியர் அளவுகோலில் ஒரு 20 செகண்ட் பிசகினால், மரத்தடியில் வரும் எதிர்முனைக் கோணம் 60° ஆக இருக்கும்போது கிலோமீட்டருக்கு 6 சென்டிமீட்டர்கூட வராது. 30° என்றால் 17 சென்டிமீட்டர். 5° என்றால் 1 மீட்டரைத் தாண்டும். கருவி அதேதான், கண்ணும் அதேதான், முக்கோணம்தான் ஒல்லியாகிவிட்டது. 15°க்குக் கீழே போனால் முளையைப் பிடுங்கித் தள்ளி அடிப்பதே மேல். தியோடலைட்டின் தொலைநோக்கியைப் புரட்டி இடமுகம், வலமுகம் இரண்டிலும் படித்துச் சராசரி எடுப்பதும், மூடுபனி ஏறுமுன் தொடங்கிய புள்ளியைத் திரும்பப் பார்த்து அதே அளவு வருகிறதா என்று சோதிப்பதும் பழக்கமாகிவிட வேண்டும். பூமியின் வளைவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர் முக்கோணத்துக்குத்தான் கோணங்களின் கூட்டுத்தொகை 180°ஐ ஒரு செகண்ட் தாண்டும்.

1802-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஒரு அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கு முழுக்க நகர்ந்தது இதே விதியை வைத்துத்தான். ஆனாலும் அதையே நம்பிப் போய்விடவில்லை. 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டை நேரில் அளந்து, கணக்கு சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் மூன்றாவதாக ஒரு முளை அடித்து, அங்கிருந்தும் அதே மரத்தைப் பார்ப்பது நம் அளவுக்கு அந்த வேலையைச் செய்யும்.

இனி கோபம். இரண்டு பக்கமும், அவற்றுக்கு நடுவில் இல்லாத ஒரு கோணமும் கொடுத்தால் இந்த விதி செய்வதைப் பொறுக்கவே முடியாது. எல்லைக்கல் அளவில் இது அடிக்கடி வரும். அ கல்லில் கோணம் 35°, அதற்கு எதிர்ப்பக்கம் 40 மீட்டர், இன்னொரு பக்கம் 55. ஆ கல்லின் சைன் 0.7887 என்று வரும். கால்குலேட்டர் 52° 04' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். 127° 56'க்கும் அதே சைன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லாது. முதல் விடைப்படி மூன்றாம் பக்கம் 69.65 மீட்டர், நிலம் 27 சென்ட். இரண்டாவதன்படி 20.46 மீட்டர், 8 சென்ட். மலையில் 19 சென்ட் என்பது ஒரு குடும்பத்தின் கேரட் காடு! அளவே பொருந்தாத முக்கோணத்தைக் கொடுத்தால் மட்டும் 'மேத் எரர்' என்று கத்தத் தெரிகிறது. இரண்டுமே பொருந்தும்போது எச்சரிக்கையே கிடையாது.

விதியின் மேல் முழுப் பழியும் போட முடியாது, கேள்வியே அரைகுறை. எதிர்ப்பக்கம் மற்றதைவிடச் சிறியது, கோணமும் குறுங்கோணம் என்றால் உடனே உஷாராக வேண்டும். ஆ கல்லில் கொத்தனார் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாலே விரிகோணமா குறுங்கோணமா என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கோணம் 90°ஐ ஒட்டி இருந்தால் மூலைமட்டமும் தடுமாறும், விதியும் தடுமாறும். சைன் 0.9990 என்றால் 87° 26', 0.9995 என்றால் 88° 11'. 40 மீட்டரில் 2 சென்டிமீட்டர் டேப் தொய்ந்தால் போதும், கோணம் முக்கால் டிகிரி ஓடிவிடும்.

மூன்று பக்கமும் கையில் இருந்தால் பெரிய கோணத்தைக் கொசைன் விதியில் எடுத்துவிடுங்கள். மிச்சம் இரண்டும் குறுங்கோணம்தான், அவற்றுக்கு சைன் விதி போடலாம். கொசைனுக்கு விரிகோணம் வந்தால் மைனஸ் போட்டுச் சொல்லத் தெரியும்.

ஆக நண்பருக்குப் பதில்: பள்ளத்தைத் தாண்டி அளக்க இதைவிட நல்லது கிடையாது, தியோடலைட்டை விற்க வேண்டாம். எல்லைக்கல் வேலைக்கு மட்டும் இதைக் கொண்டுவராதீர்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது பக்கத்தையும் அளந்துவிடுங்கள்.