எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு இரண்டு புத்தகங்கள்

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம்தான் திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்குக் குடிபோனார்கள். சூப்பர்ஹீரோ படங்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, "அத்தை, இதெல்லாம் புத்தகமா வாங்கித் தாங்க" என்றாள். கடையில் போய்க் கேட்டேன். அவர்கள் எடுத்துக் கொடுத்தது ஏதோ ஒரு தொடரின் நடுப்பகுதி. யாருக்கு யார் எதிரி, செத்தவன் எப்படித் திரும்பி வந்தான், ஒன்றும் புரியவில்லை. பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, "எனக்கு இது வராது அத்தை" என்று சொல்லிவிட்டாள். காசு போனதைவிட எனக்கு அதுதான் வருத்தம்.

அடுத்து, நானே விசாரித்து வாங்கியது மிஸ் மார்வெல் முதல் வால்யூம், 'நோ நார்மல்'. 2014இல் வந்தது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் கொடுக்கும் ஹ்யூகோ விருதையும் 2015இல் வாங்கியிருக்கிறது. மார்வெல் காமிக்ஸ் ஒன்றுகூடப் படிக்காதவர்கள் தைரியமாக இதில் தொடங்கலாம். கமலா கான் ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானிக் குடும்பத்துப் பெண், வயது 16. கதை சண்டையில் ஆரம்பிக்கவில்லை. தான் சாப்பிடக் கூடாத பன்றி இறைச்சி சாண்ட்விச்சைக் கடையில் நின்று மோந்து பார்க்கிறாள், அங்கே ஆரம்பிக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நான் மட்டும் ஏன் பக்கோடா கொண்டுபோக வேண்டும் என்று ஓரிடத்தில் குமுறுகிறாள். அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டிய அண்ணன் மகள், தன் டப்பாவில் இருக்கும் புளியோதரையைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசினாள்.

வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பார்ட்டிக்குப் போகிறாள் கமலா. உன்மேல் மசாலா வாசனை அடிக்கிறது என்று சொல்லி ஒருத்தி தள்ளி நிற்கிறாள். அதே பெண் கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் விழ, அன்றிரவு சூழ்ந்த ஒரு மூடுபனியால் சக்தி பெற்ற கமலா தன் கையைப் பெரிதாக்கி அவளை அள்ளி எடுக்கிறாள். கமலா காப்பாற்றும் முதல் உயிர் அதுதான். அந்த நேரத்தில் அவள் நினைப்பது, ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனித குலத்தையே காப்பாற்றியவர் என்ற குர்ஆன் வசனத்தை. இவ்வளவு நல்ல தொடக்கத்தை வேறெந்த சூப்பர்ஹீரோ கதையிலும் நான் படித்ததில்லை.

குறையும் உண்டு. சக்தி கொடுக்கும் அந்த மூடுபனி எங்கிருந்து வந்தது என்பது வேறொரு தொடரில் இருக்கிறது, இங்கே விளக்கமில்லை. வில்லனும் இன்னும் சரியாக முகம் காட்டவில்லை, கதை பாதியில் நிற்கிறது. முடிந்தால் இரண்டாம் வால்யூமையும் சேர்த்தே வாங்குங்கள்.

அப்புறம், கென் லியூவின் 'தி பேப்பர் மெனாஜரி' தொகுப்பு. 2016இல் வந்தது, 15 கதைகள். அறிவியல் புனைவு என்றதும் ஒதுங்கிப் போகிறவர்களிடம் இதன் தலைப்புக் கதையைக் கொடுங்கள். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த அம்மா, கிறிஸ்துமஸ் பரிசு சுற்றிய காகிதத்தில் புலி செய்து ஊதினால் அது உயிர் பெற்று உறுமுகிறது. காகித எருமை ஒன்று, சேற்றில் புரளும் ஆசையில் சாப்பாட்டு மேஜையிலிருக்கும் சோயா சாஸ் கிண்ணத்தில் குதித்து விடுகிறது. சாஸ் கால் வழியே மேலே ஊறி, கால்கள் நைந்துபோகின்றன. மாயம் இவ்வளவு நிஜமாக இருப்பதால்தான், பையன் வளர்ந்து, அம்மாவின் மொழியும் சமையலும் வேண்டாம் என்று சொல்லும்போது வலிக்கிறது. கடைசியில் ஒரு கடிதம் வருகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நான் அழுதேன். ஹ்யூகோ, நெபுலா, உலக ஃபேண்டஸி விருது மூன்றையும் சேர்த்து வாங்கிய முதல் படைப்பு இதுதான்.

எல்லாக் கதையும் இந்தத் தரம் என்று சொல்ல முடியாது. வேற்றுக் கிரகவாசிகள் எப்படிப் புத்தகம் செய்வார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும் முதல் கதை எனக்கு ஒட்டவில்லை. புதிதாகப் படிப்பவர்கள் அதைத் தாண்டி 'ஸ்டேட் ஆஃப் சேஞ்ச்' கதைக்குப் போகலாம். அதில் ஒவ்வொருவர் ஆன்மாவும் ஒரு பொருளாக இருக்கும். நாயகியின் ஆன்மா ஒரு ஐஸ் கட்டி, உருகவிடாமல் காப்பாற்ற வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். தொகுப்பின் கடைசிக் கதை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவத்தின் 731ஆம் பிரிவு மனிதர்கள்மேல் செய்த சோதனைகளைப் பற்றியது. மிக முக்கியமான கதை, ஆனால் 13 வயதுக்கு அது தாங்காது. அண்ணன் மகளிடம் விஷயத்தைச் சொல்லி, அதை மட்டும் இரண்டு மூன்று வருடம் கழித்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றாள். இப்போது ஐஸ் கட்டிக் கதையில் இருக்கிறாள்.