முதல் கடல்நீர்த் தொட்டி: சின்னதா பெரிதா, லைவ் ராக்கா டிரை ராக்கா?

நாலைந்து வருஷம் கப்பி, ஏஞ்சல் என்று நன்னீர் மீன்களை வளர்த்துவிட்டுக் கடல்நீர்ப் பக்கம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "என்ன மீன் விடலாம்?" மீன் கடைசியில்தான். அதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியவை வேறு.

முதலில் அளவு. 40 லிட்டர் தொட்டி மேசையில் அடங்கிவிடும், உப்பும் குறைவாகவே ஆகும், வாரம் ஒரு வாளி நீர் மாற்றினால் போதும். பழகிக்கொள்ள இதுவே சரி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கடல்நீரில் 1,000 பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு. 40 லிட்டரில் 2 லிட்டர் வற்றினால் அந்த 35, 36.8 ஆகிவிடும். 200 லிட்டரில் அதே 2 லிட்டர் வற்றினால் 35.4-ஐக்கூட எட்டாது. பெரிய தொட்டியில் நீர்ப்பரப்பு கூடுதல், ஆவியாவதும் கூடுதல்தான். ஆனாலும் மாற்றம் மெதுவாக வரும். பாறைக்குப் பின்னால் ஒரு நத்தை செத்துக் கிடந்தாலும் இதே கதை. பெரிய தொட்டி தாங்கிக்கொள்ளும், சின்னதில் மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறிவிடும்.

வற்றிய இடத்தை உப்புநீர் ஊற்றியே நிரப்பியவன் நான். தினமும் அரை லிட்டர், இரண்டு வாரம். கண்ணாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்ததைப் பார்த்தும் உறைக்கவில்லை. உப்பை அளக்க இரவல் வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி எண் 1.031 என்று காட்டியபோதுதான் தெரிந்தது. 1.025, 1.026-இல் இருக்க வேண்டியது. உப்பில்லாத நல்ல நீரை ஊற்றி ஒரே நாளில் இறக்கவும் முடியாது. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினேன். இடம் இருந்தால் 100 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால், வற்றிய அளவுக்குத் தானாக நல்ல நீர் விடும் கருவியையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரா, ரிஃப்ராக்டோமீட்டரா என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே ஹைட்ரோமீட்டர் உப்பைக் கூட்டிக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரே வாங்குங்கள், அளவுதிருத்தும் கரைசலோடு.

குழாய் நீரா, கரைந்திருப்பவற்றை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ.டி.ஐ. நீரா என்பதில் போட்டியே இல்லை. குழாய் நீரில் குளோரின், பாஸ்பேட், சிலிக்கேட், சில இடங்களில் செம்பும் வரும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத் துளி செம்பும் விஷம்.

இனி பாறை. உண்மையான சண்டை இங்கேதான். தொட்டியின் முக்கிய வடிகட்டி இந்தப் பாறைதான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அதன் துளைகளில்.

லைவ் ராக், அதாவது உயிர்கள் குடியிருக்கும் பாறை, அந்தக் குடித்தனத்தோடேயே வரும். ஈரம் காயாமல் வந்த நல்ல பாறையை முகர்ந்து பார்த்தால் கடற்கரை வாசம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே இருந்தவை செத்துவிட்டன என்று அர்த்தம். அப்படியே தொட்டியில் போடாதீர்கள். விளக்கணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது தனி சுகம்: குட்டி நட்சத்திரமீன், குழாய்ப்புழு, துள்ளியோடும் கோப்பபாட் பூச்சிகள். ஆனால் அழைக்காத விருந்தாளிகளும் உண்டு. ராத்திரியில் 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் மான்டிஸ் இறாலாக இருக்கலாம். மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். களைபோல் பரவும் ஐப்டேஷியா என்னும் சின்னக் கடல் சாமந்தி இன்னும் மோசம். பிய்த்துப் போட்டால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

உயிர் எதுவும் இல்லாத காய்ந்த பாறையான டிரை ராக்கில் இந்தத் தொல்லை இல்லை. வெறும் தொட்டியில் நிதானமாக அடுக்கலாம், ஒட்டலாம், பிடிக்காவிட்டால் கலைக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை பொறுமைதான். அம்மோனியா சேர்த்து, புட்டியில் வரும் பாக்டீரியாவையும் ஊற்றினாலும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். பிறகு மணல்மேல் பழுப்புப் படலம், அதன்பின் முடி மாதிரி பச்சைப் பாசி. இந்தக் கட்டத்தில் பயந்துபோய் மருந்து ஊற்றுகிறவர்கள் அதிகம். வேண்டாம், நீரை மாற்றுங்கள், நத்தை விடுங்கள், தீனியைக் குறையுங்கள்.

என் ஓட்டு டிரை ராக்குக்கு. கூடவே கைப்பிடி அளவு லைவ் ராக், சில வாரம் தனி வாளியில் வைத்துக் கவனித்த பிறகு.

பவளமா, மீன் மட்டுமா என்று முதல் ஆறு மாதம் யோசிக்கவே வேண்டாம். மீன் மட்டும் என்றால் நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் சமாளிக்கலாம், விளக்கும் சாதாரணமானது போதும். பிற்பாடு ஆசை வந்தால் தோல்பவளம், காளான்பவளம் எனத் தொடங்கலாம்.

மீனில் ஒரே ஒரு ஒப்பீடு: கடலில் பிடித்த கோமாளி மீனா, பண்ணையில் பிறந்ததா? பண்ணையில் பிறந்ததுதான். உருண்டைத் தீனியைப் போட்ட அன்றே தின்னும்; கடலில் பிடித்தவை அடிக்கடி புரூக்ளினெல்லா என்னும் ஒட்டுண்ணி நோயைக் கொண்டுவரும். இரண்டு குட்டிகளாக வாங்கினால் ஜோடி தேட வேண்டியதில்லை. எல்லாம் ஆணாகவே வளரும், ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறிவிடும். கடலில் அது குடியிருக்கும் கடல் சாமந்தி இல்லாமல் இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் ஜோடி ராத்திரி ஹீட்டருக்குப் பக்கத்து மூலையில் சாய்ந்துகொண்டு தூங்குகிறது.