பிரெஸ்ஸா: பழைய டீசலா, புது பெட்ரோலா? டெல்லில எது சரி

மயூர் விஹார்ல எங்க மாமாகிட்ட 2018 விட்டாரா பிரெஸ்ஸா (மாருதியோட சின்ன எஸ்யூவி) டீசல், எங்கிட்ட 2022 பிரெஸ்ஸா பெட்ரோல் ஆட்டோமேட்டிக், நடுவுல ஃப்ரெண்டோட 2020 ஆட்டோமேட்டிக்கையும் கொஞ்ச நாள் ஓட்டிருக்கேன், அதனால மூணையும் சேத்தே சொல்லிடறேன்.

ஓட்டற சுகத்துக்கு டீசல்தான், அதுல பேச்சே இல்ல. 2016ல வந்தப்போ டீசல் மட்டும்தான், ஸ்விஃப்ட்ல இருந்த அதே ஃபியட் 1.3 லிட்டர் இன்ஜின்தான், ஆனா இதுல 90 குதிரை, 200 என்எம் டார்க், அதாவது இழுவை. 2000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கும், சிக்னல்ல பின்னாடி ஆட்டோக்காரன் ஹார்ன் அடிச்சே கொன்னுடுவான், ஆனா டர்போ முழிச்சுக்கிச்சுன்னா யமுனா எக்ஸ்பிரஸ்வேல அஞ்சு பேரு, லக்கேஜு, ஃபுல் ஏசி எதுவுமே அதுக்கு ஒரு பாரமா தெரியாது.

2020ல பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுட்டாங்க. அதே பாடிக்குள்ள 1.5 லிட்டர் பெட்ரோல், குதிரை 105 ஆச்சு, டார்க் 138க்கு எறங்கிடுச்சு. டவுனுக்குள்ள வெண்ணெய், ஓவர்டேக்னா ஆட்டோமேட்டிக்கோட 4 ஸ்பீடு கியர்பாக்ஸ் கத்தும், வண்டி நகராது. கூத்து என்னன்னா மைல்டு ஹைபிரிட், அதாவது இன்ஜினுக்கு ஒத்தாசையா ஒரு சின்ன மோட்டார், ஆட்டோமேட்டிக்ல மட்டும்தான், அதனால கம்பெனி கணக்குல லிட்டருக்கு மேனுவல் 17.03 கிமீ, ஆட்டோமேட்டிக் 18.76! இன்னொண்ணு, 4 மீட்டருக்குள்ள இருந்தாலும் பெட்ரோல் இன்ஜின் 1200 சிசி தாண்டிட்டா சின்ன கார் வரிச்சலுகை கெடையாது, டீசலுக்கு 1500 வரைக்கும் விட்டாங்க.

2022தான் நிஜமாவே அடுத்த தலைமுறை. பேர்ல விட்டாரா போச்சு, 6 ஸ்பீடு ஆட்டோ, டாப் மாடல்ல 6 ஏர்பேக், சன்ரூஃப், 360 கேமரா. டெல்லி மே மாச வெயில்ல சன்ரூஃப யாரு தெறக்கறா, ஆனா கரோல் பாக் சந்துல ரிவர்ஸ் எடுக்கறப்போ அந்த கேமரா சாமி மாதிரி. பவர் என்னவோ 103தான், டிக்கியும் அதே 328 லிட்டர், ஐஎன்ஏ மார்க்கெட் முருங்கைக்காய குறுக்காதான் வெக்கணும்.

மூணுல டெல்லிக்கு நான் சொல்றது 2022தான், காரணம் இன்ஜின் இல்ல, காத்து. புகை ஏறி கிரேப்-3 (காத்து மாசுக்கான மூணாம் கட்ட கட்டுப்பாடு) போட்டா மாமாவோடது மாதிரி பிஎஸ்4 டீசல் ரோட்டுக்கே வரக்கூடாது, அதுக்கு மேல 10 வருஷம் தாண்டின டீசல ஓட்டக்கூடாதுங்கற பிரச்சன வேற, கோர்ட்டு உத்தரவு மாறிக்கிட்டே இருக்கு. போன வருஷம் கார்த்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்கு போகணும்னு மாமா காலைல போன் பண்ணினார். அவர் வண்டி கவர் போட்டு நிக்குது, நான்தான் போய் ஏத்திக்கிட்டேன், வழி பூரா ஆக்ஸிலேட்டர மிதிக்கறப்பல்லாம் "என்னடா, இழுக்கவே மாட்டேங்குது"ன்னாரு.