2000-க்கு எல்லாரும் தயார்தான், ஆனால் எதுவரைக்கும்?

ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கமாகவே எழுதிவந்த கணினிகள் 2000-ஐ (00) 1900 என்று குழப்பிக்கொள்ளுமோ என்ற பயத்தில், 1999 கடைசியில் எந்த மென்பொருள் கம்பெனியைக் கேட்டாலும் "நாங்க ரெடி" என்றுதான் பதில் வந்தது. எந்த வருஷம் வரைக்கும் ரெடி என்று கேட்டிருந்தால்தான் வித்தியாசம் புரிந்திருக்கும். மண்டபம், ராமேசுவரம் பக்கத்து இறால் கம்பெனி, ஐஸ் கம்பெனி, விசைப்படகு ஆகியவற்றை மனதில் வைத்தே பார்ப்போம்.

முதலில் மைக்ரோசாஃப்ட், ஏனென்றால் கணக்கறை மேஜையில் இருந்தது பெரும்பாலும் அதுதான். ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) 12-6-1925-இல் பிறந்தவர் என்று வையுங்கள். காப்பீட்டுப் பட்டியலில் 12-6-25 என்று அடித்தால் மைக்ரோசாஃப்டின் கணக்குப் பட்டியல் மென்பொருளான எக்செல் 95 அதை 1925 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். அதற்கு 00 முதல் 19 வரைதான் புது நூற்றாண்டு. எக்செல் 97-க்கோ 29 வரை புது நூற்றாண்டு. ஆகவே அதே எழுத்தை அடித்தால் 2025. சம்மாட்டி இன்னும் பிறக்கவே இல்லை! பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு பதிப்பும் இருந்தால் நூறு வருஷ வித்தியாசம். எல்லையை 19-இலிருந்து 29-க்கு நகர்த்தியதைச் சரிசெய்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். நான்கு இலக்கமும் அடிக்கிற கணக்கருக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

அசெம்பிள் செய்த பழைய பிசி இன்னும் மோசம். மென்பொருள் சரியாக இருந்தாலும் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) நூற்றாண்டை மாற்றாவிட்டால், புத்தாண்டன்று மெஷினைப் போட்டதும் டாஸ் என்ற பழைய இயங்குதளம் 1980 ஜனவரி 4 என்று காட்டும். யாரிடம் போய்க் கேட்பது? போர்டு ஒருவர், பெட்டி ஒருவர், மென்பொருள் வேறொருவர்.

ஆப்பிள் 1904-இலிருந்து விநாடிகளை எண்ணியதால் 2040 பிப்ரவரி வரை கவலையில்லை. தயார்நிலையில் முதல் மதிப்பெண் அதற்குத்தான். நம் கரையில் எத்தனை பேரிடம் மேக் இருந்தது என்பது வேறு விஷயம். யூனிக்ஸ் என்ற இயங்குதளமும் விநாடிக் கணக்குதான். எண்ணிக்கைக்கு 32 பிட் இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால் அது 2038 ஜனவரி 19 வரை தாங்கும். ஆனால் அதன்மேல் நிரல் எழுதியவர்கள் ஆண்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு '19' ஒட்டிவிட்டதால், 2000 பிறந்து ஆண்டு எண் 99-இலிருந்து 100 ஆனதும் சில திரைகளில் 19100 என்று வந்தது.

கடலுக்குப் போகிறவருக்கு இதையெல்லாம்விட ஜிபிஎஸ்தான் முக்கியம். அது 1980 ஜனவரி 6-இலிருந்து வாரங்களை எண்ணுகிறது. 1024 வாரம் ஆனதும் மறுபடி சுழியம். 1999 ஆகஸ்ட் 22, நம் நேரப்படி விடிகாலை ஐந்தரை வாக்கில் முதல்முறை அப்படித் திரும்பியது. 2019 ஏப்ரலில் மறுபடி. அடுத்தது 2038 நவம்பரில். தயாரிப்பாளர் முன்கூட்டி யோசித்த கருவியில் ஒன்றும் தெரியாது. யோசிக்காததில், இடம் சரியாகக் காட்டினாலும் தேதி ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால் போய்விடும்.

பாம்பனில் பழைய ஜிபிஎஸ் செட் விலைக்கு வந்தால், அதில் அன்றைய நிலாவைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 1024 வாரம் பின்தங்கிய கருவி, பௌர்ணமியன்று தேய்பிறை அஷ்டமி வாக்கில் தெரியும் அரை நிலாவைக் காட்டும். அப்படிக் காட்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்டேட் கிடைக்காத மாடல் என்றால் வாங்கவே வேண்டாம்.