பள்ளியில் வாய் திறக்காத பிள்ளைக்கு எது சரி: ஓவிய வகுப்பா, விளையாட்டு சிகிச்சையா, வில்லுப்பாட்டா?

என் அக்கா மகனுக்கு அப்போது ஐந்தரை வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை பக்கம் வீடு. வீட்டில் அவன் வாய் ஓயாது. கோழியிடம், கிணற்றடி வாழையிடம், துபாயிலிருந்து போனில் வருகிற அப்பாவிடம் என்று எல்லோரிடமும் கதை அளப்பான். பள்ளி வாசலைத் தாண்டினால் முகம் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். எல்.கே.ஜி. முழுக்க, யு.கே.ஜி.யில் பாதி வரை ஒரு சொல் கிடையாது. ஒன்றுக்கு வருகிறது என்று கேட்க வாய் வராமல் நனைந்த நிக்கரோடு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. "திமிரு", "செல்லம் குடுத்துக் கெடுத்தாச்சு", "ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுங்க" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அக்கா முந்திரி ஆலைக்குப் போகிறவள், அதனால் அலைகிற வேலை எனக்கு வந்தது. இரண்டு வருடத்தில் நான்கு வழி பார்த்தோம்: ஓவிய வகுப்பு, விளையாட்டு சிகிச்சை, பள்ளிக்குள்ளேயே படிப்படியாகப் பேச வைப்பது, வில்லுப்பாட்டு. இதே மாதிரி பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எது நல்லது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, அவனுக்குச் சித்தி. பார்த்ததையும் கேட்டுப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. பிள்ளை பேசவில்லை என்றால் முதலில் காதைப் பாருங்கள், அப்புறம் பேச்சு வளர்ச்சியைப் பாருங்கள். 16 மாதத்தில் ஒற்றைச் சொல் வரவில்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொந்தமாகப் பேசவில்லை, அல்லது வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால் ஓவியம், பாட்டு எதையும் யோசித்து நாளைக் கடத்தாதீர்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன, அங்கே போய்க் காட்டலாம். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தாமதம் உட்பட சுமார் 30 வகைப் பிரச்சினைகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற டாக்டர் குழு அந்தத் திட்டத்தைச் சேர்ந்ததுதான். நம் மாவட்டத்தில் பலர் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ் நிறுவனத்துக்கும் காது, பேச்சுக்காகப் போகிறார்கள். பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைக்கு வேண்டியது ஸ்பீச் தெரபி. ஓவிய வகுப்பு அந்த இடத்தை நிரப்பாது.

எங்கள் பையனுக்குக் காது சரி, பேச்சும் சரி. இதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர் சொன்னார்கள். ஓர் இடத்தில் நன்றாகப் பேசுகிற பிள்ளை இன்னோர் இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமலே இருப்பது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலும் 5 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும், பள்ளிக்குப் போன பிறகுதான் நம் கண்ணில் படும். இது பிடிவாதம் இல்லை. பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஓவிய வகுப்புக்கு வருவோம். முதலில் எல்லோரும் சொன்னது அதுதான், "பேசாட்டா என்ன, வரையட்டும்". வாரம் இரண்டு நாள், பக்கத்திலேயே. அவனுக்கும் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுத்தாளையும் கருப்புக் கிரையானால் நிரப்பிவிட்டு மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருந்தான். பார்த்த ஒருவர் கருப்பு என்றால் மனச்சோர்வு என்று சொல்லி அக்காவை அழவைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து நான் மெதுவாகக் கேட்டேன். "ராத்திரி கடல் சித்தி. அது வள்ளத்து லைட்டு" என்றான். முட்டத்தில் நாங்கள் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறான். நிறத்தை வைத்து மனதைப் படிக்கிறேன் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். அது என்ன என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருங்கள், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஓவிய வகுப்பு வேறு, ஓவிய சிகிச்சை வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் நாங்களும் குழம்பினோம். 'ஆர்ட் தெரபி' என்ற சொல்லை 1942இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர்; காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைவது தனக்குத் தந்த ஆறுதலிலிருந்து பிறந்தது அது. அதில் படம் நன்றாக வந்ததா என்ற பேச்சே இல்லை. வகுப்பிலோ மாதக் கடைசியில் போட்டி, பரிசு, பெற்றோர் முன்னால் "இது என்ன வரைஞ்சிருக்க, சொல்லு" என்று மைக். எங்களவன் அன்றைக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான், மறுவாரம் கிரையான் டப்பாவைத் தொடவில்லை. கூச்சமில்லாத பிள்ளைக்கு ஓவிய வகுப்பு நல்ல பொழுதுபோக்கு. பயந்த பிள்ளையை மதிப்பெண் போடுகிற இடத்துக்கு அனுப்புவதைவிட வீட்டுத் திண்ணையில் பழைய காலண்டர் தாளும் கரித்துண்டும் கொடுப்பது மேல்.

அடுத்து விளையாட்டு சிகிச்சை. நாகர்கோவிலில் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். திங்கள்சந்தையில் பஸ் ஏறி அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. பாதி நாள் போய்விடும், அக்காவின் ஒரு நாள் கூலியும் போய்விடும். முதல் மூன்று வாரம் எனக்குக் கோபம்தான் வந்தது. காசு வாங்கிக்கொண்டு சிகிச்சை தருகிற அந்தம்மா எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, பேசு என்று கேட்கவும் இல்லை. அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தார்: "லாரியை மண்ணுக்குள்ள மூடிட்ட. அது யாருக்கும் தெரியாது." அப்புறம்தான் புரிந்தது, இதில் முறையே அதுதான். 1940களில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் வகுத்த வழி: பிள்ளை முன்னால் போகும், பெரியவர் பின்னால் போவார், அடிக்கக்கூடாது, உடைக்கக்கூடாது என்று தேவையான எல்லையை மட்டும் சொல்வார்.

மணல் தட்டும் அங்கே இருந்தது. சுமார் 72க்கு 50 சென்டிமீட்டர், உள்ளே நீல வண்ணம், மணலை விலக்கினால் தண்ணீர் மாதிரி தெரியும். பொம்மை ஆள், மரம், வீடு, மாடு என்று ஒரு அலமாரி நிறைய. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1929 வாக்கில் தொடங்கிவைத்தது இது. ஐந்தாவது வாரம் எங்களவன் ஒரு பள்ளிக்கூடம் கட்டினான். பிள்ளைகளை எல்லாம் உள்ளே வைத்தான், ஒரே ஒரு ஆளை மதிலுக்கு வெளியே, முகம் மண்ணைப் பார்க்கும்படி. அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் நின்றாள். அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எங்களுக்கு முதன்முதலில் தெரிந்தது அன்றுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சின்னப் பிள்ளைக்கு என் ஓட்டு விளையாட்டுக்குத்தான். 7 வயதுக்குக் கீழே உட்காரவைத்து "உனக்கு என்ன பிரச்சினை" என்று கேட்கிற கவுன்சலிங் அநேகமாக வீண். செலவு தாங்காதவர்களுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. விளையாட்டு சிகிச்சை பற்றிய 93 ஆய்வுகளைத் திரட்டி 2005இல் வந்த ஓர் அலசலில், பெற்றோருக்கே பயிற்சி கொடுத்து அவர்களை விளையாடவைத்தபோது கிடைத்த பலன், நிபுணர் மட்டும் செய்ததைவிடக் கூடுதலாக இருந்தது. அதனால் சிகிச்சையாளரிடம் கேளுங்கள், நாங்கள் வீட்டில் செய்யக் கற்றுத்தருவீர்களா என்று. எங்களுக்குக் கற்றுத்தந்தார். வாரம் ஒருமுறை அரைமணி நேரம், போனை அணைத்துவிட்டு, அவன் சொல்கிறபடி மட்டும். அக்காவுக்கு முதலில் கை துறுதுறுக்கும், "அந்த வீட்டை இங்க வை மக்களே" என்று. பைய பையப் பழகினாள்.

ஆனால் அந்த அறைக்குள் சிரித்துப் பேசத் தொடங்கியவன் பள்ளியில் அப்போதும் பேசவில்லை. விளையாட்டு அவனை இளக்கியது, பேச்சு அந்த அறையிலேயே நின்றுவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றின மாதிரி ஆகும்.

பள்ளியில் பேச வைத்தது மூன்றாவது வழி. கலை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஒரு தாயக்கட்டை மட்டும். பள்ளி தொடங்க அரைமணி முன்னால், காலி வகுப்பறை, அக்காவும் அவனும் மட்டும் பாம்பும் ஏணியும் விளையாடுவார்கள், எண்ணைச் சத்தமாகச் சொல்லி. டீச்சர் வராந்தாவில் நடப்பார், உள்ளே பார்க்க மாட்டார். சில நாள் கழித்து வாசல், அப்புறம் கடைசி பெஞ்ச், நோட்டு திருத்துகிற மாதிரி. அப்புறம் பக்கத்தில். அவன் குரல் தாழ்ந்தால் டீச்சர் ஒரு படி பின்னால் போய்விடுவார். ஏழாவது வாரம், டீச்சர் கட்டையை உருட்டி, என்ன விழுந்தது என்று கேட்காமல் சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு" என்றான். டீச்சர் கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, ஆறு கட்டம் நகர்த்தினார். அந்த டீச்சருக்கு நாங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லி முடியாது.

கூடவே சின்னச் சின்ன விதிகள் இருந்தன. கேள்வி கேட்டால் ஐந்து நொடி சும்மா இருங்கள், உடனே நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். தலையாட்டித் தப்பிக்கிற கேள்வி வேண்டாம், "ஆப்பமா, புட்டா" என்று இரண்டில் ஒன்றைச் சொல்லவைக்கிற கேள்வி கேளுங்கள். "மாமா கேக்காங்கல்லா, பதில் சொல்லு மக்களே" என்று எல்லோர் முன்னாலும் நிர்ப்பந்திப்பதை நிறுத்துங்கள். பெரிய பிள்ளைகளின் பதற்றத்துக்கும் இப்படி அடிமேல் அடி வைத்துப் பயத்தை எதிர்கொள்கிற, சி.பி.டி. என்கிற பேச்சுவழிச் சிகிச்சை முறைதான் பலமான ஆதாரம் உள்ளது. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை 488 பேரை வைத்துச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சி.பி.டி. மட்டும் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் 81, வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 24. பதற்றக் கோளாறு உள்ள பிள்ளைகளைப் பற்றிய கணக்கு இது. மருந்து வேண்டுமா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வில்லுப்பாட்டை நாங்கள் சிகிச்சை என்று நினைத்துத் தொடங்கவில்லை. எங்கள் தாத்தா முறை ஒருவர் வில்லுப்பாட்டுக் குழுவில் இருக்கிறார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் முற்றத்தில்தான் ஒத்திகை. பாட்டுக்காரர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொல்வார், சுற்றி இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். பயந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை: ஒரே ஒரு சொல், எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும், நான்கு பேர் குரலோடு கலந்துவிடும், எல்லோர் கண்ணும் பாட்டுக்காரர் மேல். முதல் வாரம் தூணுக்குப் பின்னால் நின்றான். அப்புறம் தாத்தா ஒன்றும் பேசாமல் ஜால்ராவைக் கையில் கொடுத்தார். பிறகு ஒரு நாள் உதடு அசைந்தது, அடுத்து சத்தம் வந்தது, வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் இருக்கும்போதே.

அதில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். சந்தோஷத்தில் கொடை அன்று ராத்திரி அவனை மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டேன், அவனிடம் கேட்காமல். டியூப் லைட்டும் கூட்டமும் பார்த்து உறைந்துபோனான். மறுநாள் தாயக்கட்டை விளையாட்டிலும் குரல் இல்லை, பழைய இடத்துக்கு வர மூன்று வாரம் ஆனது. மேடை ஏற்றினால் கூச்சம் தெளியும் என்பது கொஞ்சம் கூச்சம் உள்ள பிள்ளைக்குப் பொருந்தலாம், இந்தப் பயத்துக்குப் பொருந்தாது.

பாவையையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தெரிந்திருக்கும், வாய்க்கு வந்ததைப் பேசுகிற இரண்டு பேர். நான் அட்டையில் அவர்களை வெட்டி, வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் ஒரு பல்ப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வருடமாகப் பேசாதவன் திரைக்குப் பின்னாலிருந்து உளுவத்தலையன் குரலில் "எக்கா, மீன் வாங்கலியா" என்று கேட்டான். முகம் தெரியாததும், பேசுவது பொம்மை என்பதும் சேர்ந்து வேலை செய்கின்றன. செலவு ஒரு அட்டைப் பெட்டி. சிலம்பம் பற்றியும் கேட்கிறார்கள். துறுதுறுப்புக்கும் கோபத்துக்கும் நல்ல வடிகால், ஆசான் அடிக்காதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் தேர்வு இது. பள்ளியில் பேசாத பிள்ளைக்கு முதல் இடம் பள்ளிக்குள் படிப்படியாகச் செய்வதற்கு, கூடவே வீட்டில் விளையாட்டும் பாவையும். வில்லுப்பாட்டு, தேவாலயப் பாடகர் குழு மாதிரி சேர்ந்து குரல் கொடுக்கிற இடம் அதற்கு அடுத்தது, மேடை இல்லாமல். ஓவிய வகுப்பு கடைசி. பிரச்சினை வேறு என்றால் வரிசையும் மாறும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் அப்பாவை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர். அப்படி இழப்பைச் சுமக்கிற பிள்ளைக்குப் படமும் மணலும்தான் முதலில் கைகொடுக்கும், நடந்ததைச் சொல் சொல் என்று யாரும் தோண்டக்கூடாது. சாக வேண்டும் என்று பிள்ளை பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ கலையெல்லாம் அப்புறம், அன்றைக்கே மனநல மருத்துவர். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் என்று போர்டு இருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவன் இப்போது மூன்றாம் வகுப்பு. வகுப்பில் பேசுகிறான், புது ஆட்களிடம் கொஞ்சம் நேரம் எடுக்கும். போன வாரம் கொடைக்கு ஒத்திகை தொடங்கியது. எனக்கு ஜால்ரா மட்டும் போதும், மைக் வேண்டாம் என்று தாத்தாவிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.